நான்காவது ஆட்சேபம்

ஜூன் 3, செவ்வாய்

சேனல்காரர்கள் அனுப்பிய தொடரில் மூன்று பகுதிகள் பார்த்துவிட்டேன். கருத்துரையை எழுதத் தொடங்கும் முன் அதன் வரிசையை இங்கே போட்டுக்கொள்கிறேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலத்திலும் கரும்பலகையின் இடது ஓரத்தில் இப்படி எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

1. 'பதினோராம் மேசை' ஒரு பள்ளிக்கூடத்தின் கதை. அதில் பள்ளிக்கூடமே இல்லை.
2. சூதாட்டத்தைப் பற்றிய தொடருக்குச் சூதாட்டத்தின் கணக்குத் தெரியவில்லை.
3. தோற்றவர்களை நிற்கவைத்து வேடிக்கை பார்க்கிறது. நம்மையும் பார்க்கச் சொல்கிறது.
4. தோற்கும்போதெல்லாம் கதாநாயகி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு பொய். மனிதர் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.
5. எல்லாவற்றையும் ஒரே சீட்டின் மேல் வைப்பதைத் துணிச்சல் என்கிறது.

ஐந்தும் கடைசிவரை நிற்குமா என்று தெரியவில்லை. மூன்றாவதை இன்னும் நிதானமாகச் சொல்லலாமோ என்னவோ.

எனக்கு எப்படி இந்த வேலை வந்தது என்றால், குழந்தைகளுக்கான ஒரு சேனல் ஜப்பானியக் கேலிச்சித்திரத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பப் போகிறது. கேலிச்சித்திரம் என்று சொல்லக் கூடாதாம், அனிமே என்று சொல்ல வேண்டுமாம். ஒளிபரப்பும் முன் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவரிடம் கருத்துக் கேட்கிறார்கள். என் பழைய மாணவர் ஒருவர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். தொலைபேசியில் யார் எதைக் கேட்டாலும் எனக்கு மறுக்க வராது.

ஜூன் 4, புதன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன்.

முதல் பகுதி மட்டும் மாதிரிக்காகத் தமிழில் இருக்கிறது. மற்றவை ஜப்பானிய மொழியிலேயே ஓடுகின்றன, கீழே தமிழ் எழுத்துகள் வருகின்றன. தமிழ்ப் பகுதியில் சிஹாரு என்ற பெண் வகுப்புக்குள் நுழைந்து, "இந்த இடம் காலியா?" என்று கேட்கிறாள். மூன்றே சொற்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஹெப்சிபா. என் மகள்.

பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்த நாள் முதல் அவள் டப்பிங்கில் கூட்டக் குரல்தான். சீரியலில் யாருக்காவது மயக்கம் வந்தால் பின்னால் நின்று "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்துவது அவள். "டாக்டர் உள்ள இருக்கார்" என்று சொல்லும் நர்ஸ்களில் பாதிப் பேர் அவள். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கதாநாயகிக்குப் பேசுகிறாள். என்னிடம் "ஒரு பெரிய வேலைப்பா, என்னன்னு சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். முகத்தை மறைத்துக்கொள்ளத் தெரியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எனக்கு வந்த கடிதத்திலும் ஒரு வரி இருக்கிறது. தயாரிப்பில் உறவினர் யாரேனும் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், மறைத்தால் கருத்துரை செல்லாது. அந்த வரியை அவள் குரலைக் கேட்பதற்கு முன்பு படித்தேன். அதற்குப் பிறகு படிக்கவில்லை.

படத்தில் யார் பெயரும் போடவில்லை. எனவே முறைப்படி எனக்கு எதுவும் தெரியாது.

ஜூன் 5, வியாழன்

ஆட்சேபம் 1.

இந்தப் பள்ளியில் நூலகத்தின் கடைசியில் ஒரு மேசை இருக்கிறது. மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் அங்கே கூடிச் சீட்டாடுகிறார்கள். காசு வைப்பதில்லை. முதலில் நாற்காலியை வைக்கிறார்கள். தோற்றவன் நாளை முதல் வகுப்பில் நின்றுகொண்டே பாடம் கேட்க வேண்டும். அடுத்து தேர்வு எழுதும் உரிமையை வைக்கிறார்கள். அதற்கும் அடுத்து பெயரை. பெயரைத் தோற்றவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இதையெல்லாம் எந்தப் பெற்றோரும் வந்து கேட்பதில்லை. வீட்டுப்பாடம் இல்லை, மழைவிடுமுறை இல்லை, ஒரு பையனுக்குக்கூட மூக்கு ஒழுகவில்லை.

ஒரு சீட்டைத் திருப்ப நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். கண்கள் முகத்தில் பாதிக்கு விரிகின்றன, வியர்வை சொட்டுகிறது, யாரோ வயலினை அறுக்கிறார்கள். நான் எழுந்து போய்க் குக்கரை அணைத்துவிட்டு வந்தேன். சீட்டு இன்னும் திரும்பவில்லை.

எல்லாவற்றிலும் மோசம் அந்த ஆசிரியர். வகுப்பில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். அவர் பார்க்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் பலகையைத் துடைக்கிறார். எந்த ஆசிரியரும் அப்படி இருக்க மாட்டார். ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். அதிகம். குறைக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

காலையில் ஹெப்சி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடியும் வேறு மாதிரி ஒரு சிரிப்பு. வாளி நிரம்பி வழிந்தது.

மாடி வீட்டு வசுமதி அம்மாள் இறங்கி வந்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு..."

"நல்லா இருக்கா. வேலைக்காக."

"என்ன வேலை சார் அது? எங்க வீட்ல பால்காரர் படியிலயே நின்னுட்டாரு."

ஹெப்சி ஈரத்தலையோடு வெளியே வந்தாள். "ஆன்ட்டி, எப்படி இருந்துச்சு? பயமா இருந்துச்சா, பாவமா இருந்துச்சா?"

"தண்ணி வீணாப் போச்சேன்னு இருந்துச்சு" என்றார் வசுமதி அம்மாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஆலயம். பிரசங்கம் நீளம். ஆறாம் பகுதி வரை பார்த்து முடித்தேன். வெறுப்பு கூடியிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஆட்சேபம் 2 எழுதி முடித்தேன். இதில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு நிறங்களில் பத்துப் பத்தாக நாற்பது சீட்டுகள். இரண்டு சீட்டுகளை எடுத்து, இரண்டும் சிவப்பாக இருக்குமா என்று பந்தயம். "பதினாறில் ஒரு வாய்ப்பு" என்று சிஹாரு அறிவிக்கிறாள், வகுப்பே மூச்சை இழுக்கிறது. முதல் சீட்டைத் திரும்ப வைக்காமல் இரண்டாவதை எடுத்தால் அது எப்படிப் பதினாறில் ஒன்று ஆகும்? ஐம்பத்திரண்டில் மூன்று. முதலாமாண்டுப் பையன் இதை எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். பெயரையே பந்தயம் வைக்கிறவள் இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் வைக்கிறாள். இதை மேதைமை என்று காட்டுகிறார்கள்.

ஆட்சேபம் 5-உம் ஓரளவு தயார். தொடரில் கண்ணாடி போட்ட ஒரு பையன் வருகிறான். பாதியை வைத்து, பாதியைக் காப்பாற்றிக்கொள்கிறான். அவனை எல்லோரும் கோழை என்கிறார்கள். இசைகூட அவனைக் கேலி செய்கிறது. உலகம் நடப்பதே அப்படிப்பட்ட பையன்களால்தான் என்று எழுதினேன்.

இரவுச் சாப்பாட்டில் ஹெப்சி தோசையைப் பிய்த்தபடி கேட்டாள்.

"அப்பா, ஒரு கேள்வி. எல்லாம் போச்சுன்னு தெரிஞ்ச பெறகு ஒருத்தி சிரிக்கா. எதுக்குப்பா சிரிப்பா?"

"சிரிக்க மாட்டா."

"சிரிக்காளே."

"அப்ப அதை எழுதினவனுக்கு மனுஷங்களைத் தெரியல."

"திலக் சாரும் ஒத்துக்க மாட்டேங்காரு. நான் சிரிச்சா வில்லி சிரிக்க மாதிரி இருக்காம். வில்லி ஜெயிச்சுட்டுச் சிரிப்பா, இவ தோத்துட்டுச் சிரிக்கணும்ங்காரு. பதினஞ்சு டேக் போச்சு." திலகராஜ் என்பவர் டப்பிங் தியேட்டரில் அவர்களைப் பேசவைப்பவர். "நீங்க எப்பவாச்சும் எல்லாத்தையும் வச்சுத் தோத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப ஒங்களுக்கும் தெரியாது."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன் ஒங்ககிட்ட வந்து கேக்கேன்?" என்று இன்னொரு தோசை வைத்தாள்.

நான் எதையும் வைத்துத் தோற்றதில்லை. வைத்ததில்லை என்பதால். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 11, புதன்

கருத்துரையை அனுப்பிவிட்டேன்.

நான்காவதை மூன்று முறை எழுதினேன். முதலில் அடித்துவிடலாம் என்று தோன்றியது. சிரிப்பு கதையில் இருக்கிறது, ஆனால் தமிழில் சிரிப்பவள் ஹெப்சி. பிறகு யோசித்தேன். மகள் என்பதற்காக ஒரு கருத்தை அடித்தால் அது பாரபட்சம். மற்ற நான்கையும் நேர்மையாகச் சொல்லிவிட்டு இதை மட்டும் மறைப்பது சரியல்ல. எனவே வைத்தேன். பாரபட்சம் இல்லை என்பது எனக்கே உறுதியாக வேண்டும் என்பதால் சற்று விரிவாகவும் எழுதினேன். "தமிழ்ப் பகுதியில் இந்தச் சிரிப்பு குறிப்பாகச் செயற்கையாக ஒலிக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். ஐந்தில் அதுவே நீளமானதாகிவிட்டது.

முடிவுரையில், இந்தத் தொடரை ஒளிபரப்பவே வேண்டாம் என்று பரிந்துரைத்தேன். தொடர் நின்றால் அவள் வேலையும் நிற்கும் என்று தெரியும். ஆனால் அது அவள் குற்றமாக இருக்காது. வேறு தொடர் வரும்.

ஜூன் 13, வெள்ளி

பாகற்காய் வாங்கினேன். பதில் இல்லை.

ஜூன் 16, திங்கள்

சேனலில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் சாருலதா என்ற பெண் அழைத்தார். மிக மரியாதையான குரல்.

"சார், உங்க நோட் சூப்பர் சார். ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். அந்தச் சீட்டுக் கணக்கு, எங்க தலைக்கு மேல போயிடுச்சு, ஆனா சூப்பர்."

"அப்படியானால் ஒளிபரப்பு..."

"ஆகஸ்ட்ல சார். எல்லா மொழிக்கும் சேத்து வாங்கியாச்சு."

"நான் வேண்டாமென்று எழுதியிருந்தேனே."

"கண்டிப்பா சார், அது ஃபைல்ல இருக்கு. ஆனா பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு எல்லாம் ஒரிஜினல்லயே இருக்கு. ஜப்பான்காரன் பண்ணினதை நம்ம மாத்த முடியாது. உங்க நாலாவது பாயிண்ட்தான் நம்ம கையில இருக்கிறது. அதை உடனே எடுத்துக்கிட்டோம்."

"எடுத்துக்கொண்டோம் என்றால்?"

"வாய்ஸை மாத்துறோம் சார். எங்களுக்கும் டவுட் இருந்துச்சு. ஒரு பெரியவர், ப்ரொஃபசர், அவரே சொல்லிட்டாருன்னதும் ஈசியாப் போச்சு. ரொம்ப தேங்க்ஸ் சார்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி என்று சொல்லியிருப்பேன்.

நான் தொடரைக் கண்டித்தேன். அந்தப் பள்ளியை, அந்தக் கணக்கை, அந்த மேசையை, அந்த ஆசிரியரை. ஒரு செங்கல்கூட அசையவில்லை. அசைந்தது ஒன்றுதான்.

ஜூன் 17, செவ்வாய்

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலையில் குழாய் திறந்திருந்தது. சிரிப்பு கேட்டது. நேற்றையதைவிட நன்றாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

செய்தித்தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினேன்.

ஜூன் 19, வியாழன்

மதியமே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, சீக்கிரம்?"

"தூக்கிட்டாங்கப்பா."

"எதை?"

"என்னைத்தான். இப்ப சொல்லலாம், இனிமே கையெழுத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஒரு ஜப்பான் படத்துல ஹீரோயினுக்குப் பேசிட்டிருந்தேன். சிரிப்பு சரியில்லையாம்." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "யாரோ ஒரு பெரிய மனுஷன் எழுதிக் குடுத்திருக்காரு. மனுஷங்க யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்கன்னு. திலக் சார் வாசிச்சுக் காமிச்சாரு. அழகான தமிழ் வேற."

நான் மேசையைத் துடைக்கும் துணியை எடுத்தேன்.

"பதினெட்டு வருஷம் 'யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்'னு கத்திருக்கேன். கடைசியா ஒருத்தர் வந்திருக்காரு பாருங்க. வந்து..."

அங்கே நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

குளியலறையில் கேட்ட எந்தச் சிரிப்பும் இல்லை இது. சத்தம் அதிகம் இல்லை. முதலில் மூச்சு மட்டும் வந்தது, எதையோ இறக்கிவைத்ததுபோல. பிறகு தோள்கள் குலுங்கின. அழுகை அல்ல, நான் கவனித்துப் பார்த்தேன். வேடிக்கையான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டவளின் சிரிப்பு. இனி யாரும் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவளின் சிரிப்பு. ஜப்பானிய மொழியில் ஓடிய ஆறாம் பகுதியில், பெயரைத் தோற்றதும் அந்தப் பெண் சிரிப்பாளே, அதேதான். நான் பொய் என்று எழுதியது.

சிரித்து முடித்துவிட்டு, "பாகற்காய் வதக்கவா?" என்று கேட்டாள்.

மேசையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆலயத்திலிருந்து வந்ததும் சொன்னேன். உட்காரச் சொல்லி, நான் நின்றுகொண்டு.

"அந்தப் பெரிய மனுஷன் நான்தான்."

அவளுக்குப் புரிய நேரம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"என் குரலுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப?"

"முதல் வசனத்துல."

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"பாரபட்சம் வந்துரக் கூடாதுன்னு..."

"அப்பா." கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "வேற யாரோ எழுதிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். ஒங்களுக்கு நல்லவரா இருக்கணும். அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் எண் போட்டவை.

மாலைவரை அறைக்குள்ளேயே இருந்தாள். பிறகு வந்து, "மத்த நாலு பாயிண்ட் என்ன?" என்றாள். சொன்னேன். "மூணாவது சரிதான்" என்றாள். "அந்த நிக்க பிள்ளைங்களை என்னாலயும் பாக்க முடியல." கொஞ்சம் கழித்து, "ரெண்டாவது எவனுக்குப்பா வேணும்" என்றாள்.

"நாலாவது தப்பு" என்றேன். "அன்னிக்கு நீ சிரிச்சே. கேட்டேன். எழுதி அனுப்பிருதேன்."

"மகள்னு எழுதுவீங்களா?"

"எழுதணும்ல."

"எழுதினா யாரு நம்புவா? அப்பன் மகளுக்கு வக்காலத்து வாங்குதான்னு தூக்கிப் போட்டுருவாங்க. வெறும, 'மறுபடி யோசிச்சேன், என் கருத்து தப்பு'ன்னு மட்டும் எழுதுங்க. அழகான தமிழ்ல."

"அது பொய்."

"அது பொய் இல்ல. பாதி."

ஜூன் 23, திங்கள்

அவள் சொல்வதில் கணக்கு இருக்கிறது. உறவை மறைத்துத் திருத்தம் அனுப்பினால் என் சொல்லுக்கு எடை இருக்கும், அவளைத் திரும்ப அழைக்க வாய்ப்பும் அதிகம். மற்ற நான்கு ஆட்சேபங்களும் கோப்பில் இருக்கும், யாராவது ஒருநாள் படிக்கலாம்.

உறவைச் சொன்னால் அந்தக் கடிதத்து வரியின்படி என் கருத்துரை முழுவதும் செல்லாது. நான்காவதோடு சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தும் போகும். அவை சரியானவை. ஒளிபரப்புக்கு எதிராக அந்தக் கோப்பில் இருக்கும் ஒரே வாதமும் அவைதாம். மற்ற இருவரும் தொடரைப் பாராட்டியிருக்கிறார்களாம். குழுவிலும் என் பெயர் இருக்காது. சிபாரிசு செய்த மாணவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. இவ்வளவும் போன பிறகும் ஹெப்சியை அழைப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாய்ப்பைக் கணக்கிட முயன்றேன். தரவு போதவில்லை.

பாதியை வைத்து, பாதியைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பையன் அதைத்தான் செய்வான். அவனைப் பற்றி நான் நல்லபடியாகவே எழுதியிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். முதல் வரியிலேயே எழுதினேன்: "சிஹாருவுக்குப் பேசிய ஹெப்சிபா என் மகள், இதை அறிந்தே மறைத்தேன்."

 

ஜூன் 27, வெள்ளி

காலை பத்து மணியளவில் சாருலதா அழைத்தார். மரியாதை அப்படியே இருந்தது, சூடு மட்டும் போயிருந்தது.

"சார், இப்படிப் பண்ணிட்டீங்களே. உங்களை நம்பித்தானே..."

"தவறுதான் அம்மா."

"உங்க நோட்டை மொத்தமா எடுத்துட்டோம். ரூல் அது. பேனல்ல இருந்தும் உங்க பேரை எடுத்தாச்சு. இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டோம்."

"ஐந்தையும் எடுத்துவிட்டீர்களா?"

"அஞ்சையும்தான் சார். ரெண்டு நோட்தான் இருக்கு, ரெண்டுமே பாசிட்டிவ். எங்களுக்கு ஒரு வகையில ஈசிதான்."

"அப்படியானால் நான்காவதை வைத்து எடுத்த முடிவு?"

அவருக்குப் பின்னால் யாரோ தேநீர் கேட்டது காதில் விழுந்தது.

"அதுவும் நிக்காதுதான். புது வாய்ஸ் இன்னும் சைன் பண்ணல. வியாழக்கிழமை மூணு பேரை வச்சு டெஸ்ட் எடுக்கிறோம், அந்தச் சிரிப்பு சீன் மட்டும். உங்க பொண்ணும் வரலாம். மூணுல ஒருத்தரா. நான் எதுவும் ப்ராமிஸ் பண்ணல."

மூன்றில் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மூவருக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் அப்படி. நான் இதை அவரிடம் சொல்லவில்லை.

தொலைபேசியை வைத்தேன். ஐந்து ஆட்சேபங்களும் இல்லை. குழு இல்லை. மாணவர் நேற்றே குறுஞ்செய்தியில் "பரவாயில்லை சார்" என்று ஒரே வரி அனுப்பியிருந்தார். அந்த அபத்தமான தொடர் ஆகஸ்டில் வீடு வீடாக வரப்போகிறது. அதை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தவன், இப்போது என் வீட்டிலிருந்தே ஒருத்தியை அதற்கு அனுப்பிவைக்கிறேன். இதை நினைத்தபோது என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் நிற்கவில்லை. தோள்கள் வலித்தன.

ஹெப்சி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அப்பா! என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. இருமல்."

"இருமலா? நில்லுங்க, நில்லுங்க." கரண்டியை என் நாற்காலியில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து என் வாயருகே நீட்டினாள். "இன்னொரு தடவை. பதிவு பண்ணிக்கிடுதேன்."

"கேட்டா வராதும்மா அது."

"எனக்குத் தெரியாதா" என்றாள். "பதினஞ்சு டேக் குடுத்திருக்கேன்."

வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் என்னிடம் கோபம் தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் இல்லை. சிறிது நேரத்தில் குளியலறைக் குழாய் திறந்தது. மேலே வசுமதி அம்மாள் வீட்டு சன்னல் சாத்தப்பட்டது.

யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் வரிசையை முடித்துவைக்கிறேன். 'பதினோராம் மேசை' பிள்ளைகளுக்கு ஆகாத தொடர். ஒன்றும் இரண்டும் மூன்றும் அப்படியே நிற்கின்றன. ஐந்து இன்றைக்கும் நிற்கிறது என்றே நினைக்கிறேன். நான்கு தவறு.